ஸ்மெல்டர் ஈடிபி அவுட்லெட்ல மெட்டல் லிமிட் தாண்டுதா? அறிகுறியை வச்சு காரணத்தைப் பிடிக்கிற வழி

காப்பர், ஜிங்க், லெட், நிக்கல் மாதிரி இரும்பு இல்லாத உலோகங்களை உருக்கி சுத்தம் பண்ற ஆலைகள்ல (ஸ்மெல்டர்) ஈடிபி, அதாவது கழிவுநீரைச் சுத்தம் பண்ற பிளான்ட், பாக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். ரிப்போர்ட்ல ஒரு மெட்டல் லிமிட்டைத் தாண்டிருச்சுன்னதும் பெரும்பாலான இடத்துல கை நேரா பிஎச்சை ஏத்தி மெட்டலைப் படிய வைக்கிற லைம் (சுண்ணாம்பு) டோசிங் பம்ப்புக்குத்தான் போகுது, டோசை ஏத்திட்டு நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுடுறாங்க. சில நேரம் சரியாகும், பல நேரம் இன்னும் மோசமாகும், ஏன்னா எதனால தாண்டுச்சுன்னு யாரும் பாக்கவே இல்ல. லைமைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் தண்ணிய ஃபில்டர் பண்ணிப் பாருங்கங்கறதுதான் நான் திரும்பத் திரும்ப சொல்றது, கீழ இருக்கிற எல்லா அறிகுறிக்கும் அங்கிருந்துதான் வழி பிரியுது.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இதைப் பண்ணுங்க

அவுட்லெட்ல ஒரே பக்கெட்ல தண்ணி பிடிச்சு அதுல இருந்தே ரெண்டு பாட்டில் எடுங்க. முதல் பாட்டில்ல தண்ணிய அப்படியே ஊத்தி நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச் 2-க்குக் கீழ கொண்டு வாங்க. ரெண்டாவது பாட்டிலுக்கு அங்கயே நின்னு 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியா தண்ணிய விட்டு, அதுக்கு அப்புறம் ஆசிட் ஊத்துங்க. இந்த வரிசை மாறவே கூடாது. ஆசிட் ஊத்திட்டு ஃபில்டர் பண்ணா மிதக்குற ஹைட்ராக்சைடு துகள் எல்லாம் கரைஞ்சு ஃபில்டரைத் தாண்டிப் போயிடும், அப்புறம் ரெண்டு பாட்டிலும் ஒரே நம்பரைத்தான் காட்டும், அந்த டெஸ்ட் பண்ணதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

உதாரணத்துக்கு ஜிங்க் மொத்தமா 3 மி.கி/லி, ஃபில்டர் பண்ணது 0.2 அப்படின்னு வந்தா உங்க கெமிஸ்ட்ரி நல்லா வேலை செய்யுது, படிய வேண்டியது படியாம வெளிய போகுது, அவ்வளவுதான். மொத்தம் 3, ஃபில்டர் பண்ணது 2.8 அப்படின்னா கிளாரிஃபையரை (துகளைப் படிய வைக்கிற தொட்டி) எவ்வளவு நோண்டினாலும் பிரயோஜனம் இல்ல, மெட்டல் இன்னும் தண்ணியிலயே கரைஞ்சு கிடக்கு. ரெண்டு பிரச்சனைக்கும் வைத்தியம் முழுசா வேற வேற.

மொத்தம் அதிகம், ஃபில்டர் பண்ணது கம்மி

கிளாரிஃபையர் ஓவர்ஃப்ளோவை ஒரு கண்ணாடி ஜார்ல பிடிச்சு வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பாருங்க. ஊசி முனை அளவு துகள் கீழயும் போகாம மேலயும் வராம அந்தரத்துல நின்னா ஃப்ளாக் (துகள் ஒண்ணா சேர்ந்த கட்டி) சரியா கட்டல, இல்ல கட்டினதை ஏதோ ஒண்ணு உடைக்குது. ஃப்ளாக் டேங்குக்கும் கிளாரிஃபையருக்கும் நடுவுல சென்ட்ரிஃபியூகல் பம்ப் இருந்தா அதுதான் முதல் சந்தேகம், அந்த இடத்துல தண்ணி தானா வழிஞ்சு இறங்குற மாதிரிதான் இருக்கணும். துகளை ஒட்ட வைக்கிற பாலிமர் கம்மியானாலும் இப்படி ஆகும், கூடிப் போனாலும் ஆகும், கூடினா தண்ணி வழவழன்னு இருக்கும், பின்னாடி இருக்கிற சாண்ட் ஃபில்டரும் சீக்கிரமே அடைச்சுக்கும். எது சரியான டோஸ்னு ஜார் டெஸ்ட்தான் (பல ஜார்ல வேற வேற டோஸ் போட்டுப் பாக்குறது) சொல்லும், சப்ளையர் தர்ற பேப்பரை மட்டும் நம்பாதீங்க.

துகள் பெருசா, கொத்துக் கொத்தா வழியுதுன்னா ஸ்லட்ஜ் (படிஞ்ச சேறு) மட்டம் மேல ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஸ்லட்ஜைப் பிழியுற ஃபில்டர் பிரஸ் நின்னு போயிருக்கும், ஸ்லட்ஜ எடுக்க ஆள் இருந்திருக்காது, கிளாரிஃபையரே சேமிப்புத் தொட்டியா மாறியிருக்கும். இதுக்கு மருந்து கெமிக்கல்ல இல்ல, பிரஸ்ஸை ஓட்டுங்க.

குறிப்பிட்ட நேரத்துல மட்டும் கலங்குதுன்னா அந்த நேரத்துல எந்தத் தண்ணி உள்ள வருதுன்னு பாருங்க. ஸ்லாக் கிரானுலேஷன் தண்ணி (உருகின கசடை உடைச்சு ஆற வைக்கிற தண்ணி) சூடா வந்து கிளாரிஃபையர்ல இருக்கிற குளிர்ந்த தண்ணி மேல அப்படியே சறுக்கிட்டு நேரா ஓவர்ஃப்ளோவுக்குப் போயிடும், தங்க வேண்டிய நேரம் தங்கவே தங்காது. அதே மாதிரி கேஸ் கழுவுற ஸ்கிரப்பர்ல இருந்து வர்ற வீக் ஆசிட்டை ஒரே மூச்சுல திறந்து விட்டாலும் கலங்கும். வர்ற தண்ணிய சேத்து ஒரே சீரா விடுற ஈக்வலைசேஷன் டேங்க்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கிறதே இதுக்காகத்தான், அதைப் பாதி மட்டத்துல வச்சு ஓட்டுங்க, எப்பவும் நிரம்பியே இருக்கிற டேங்க்கால அடியைத் தாங்க முடியாது.

ஃபில்டர் பண்ணதும் அதிகம், அதுல ஒண்ணு ரெண்டு மெட்டல் மட்டும்

இது பெரும்பாலும் பிஎச் விவகாரம். ஒவ்வொரு மெட்டல் ஹைட்ராக்சைடும் ஒவ்வொரு பிஎச்சுலதான் ரொம்ப கம்மியா கரையும். காப்பர் 8.5-9 பக்கம் நல்லா இறங்கும், ஜிங்க் 9-9.5, லெட் 9.5-10 பக்கம், நிக்கல் 10 தாண்டணும், காட்மியம் 10.5-11 வரைக்கும் கேக்கும். ஆனா ஜிங்க்கும் லெட்டும் பிஎச் ரொம்ப ஏறினா திரும்பக் கரைய ஆரம்பிச்சுடும். அதனால காட்மியம் போகலன்னு லைமை ஏத்தினா ஜிங்க் எகிறும், ஜிங்க்குக்காக இறக்கினா காட்மியம் வரும், இப்படியே ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் இழுத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரே டேங்க்ல ஒரே பிஎச்சுல எல்லா மெட்டலையும் அடிமட்டத்துக்குக் கொண்டு போக முடியாது. ரெண்டு ஸ்டேஜா பிரிக்கணும், இல்லன்னா லைமுக்குப் பின்னாடி சல்ஃபைடு பாலிஷிங் (மிச்ச மெட்டலை சல்ஃபைடா பிடிக்கிற ஸ்டேஜ்) ஒண்ணு வைக்கணும்.

அதுக்கு முன்னாடி, திரையில காட்டுற பிஎச் நிஜமான்னு பாருங்க, இதை நிறைய பேர் கடைசியாத்தான் பாக்குறாங்க. லைம் டேங்க்ல இருக்கிற ப்ரோபை வெளிய எடுத்தா கண்ணாடி முனை மேல வெள்ளையா சொரசொரன்னு ஒரு தோல் படிஞ்சிருக்கும், அது ஜிப்சமும் கார்பனேட்டும் சேர்ந்தது. அந்தத் தோலுக்கு உள்ள இருக்கிற தண்ணியோட பிஎச்சைத்தான் மீட்டர் காட்டிட்டு இருக்கும், டேங்க்ல என்ன நடந்தாலும் அதுக்கு மெதுவாத்தான் தெரியும், கன்ட்ரோலர் லைமைத் தள்ளிக்கிட்டே இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கொஞ்ச நேரம் வச்சு, கழுவி, 7-லயும் 10-லயும் காலிப்ரேட் பண்ணுங்க. 9.5-ல ஓட்டுற டேங்க்குக்கு 4, 7 பஃபர்ல (பிஎச் தெரிஞ்ச கரைசல்) காலிப்ரேட் பண்றது போதாது. 10 பஃபரைத் திறந்தே வச்சிருந்தா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து அதோட பிஎச் இறங்கிடும், அதனால ஒவ்வொரு தடவையும் புதுசா ஊத்துங்க. இன்னொண்ணு, வீக் ஆசிட் பக்கம் ஃப்ளோரைடு இருந்தா ஆசிட்ல அது சாதாரண கண்ணாடி முனையை அரிச்சுடும், அங்க அதைத் தாங்குற ப்ரோப் தனியா வேணும்.

ரியாக்ஷன் டேங்க் பிஎச்சையும் கிளாரிஃபையர் ஓவர்ஃப்ளோ பிஎச்சையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. ஓவர்ஃப்ளோல ஏறியிருந்தா லைம் டேங்க்ல முழுசா கரையாம கிளாரிஃபையர்ல போய்க் கரையுது, டேங்க்ல தங்குற நேரமோ கலக்குறதோ பத்தல. இறங்கியிருந்தா ஃபெரஸ் இரும்பு காத்துல ஆக்சிடைஸ் ஆகி ஆசிட் விடுதான்னு பாருங்க, டேங்க்ல காத்து அடிச்சு அங்கயே முடிச்சுடுறது நல்லது.

பிஎச் சரியா இருக்கு, ப்ரோபும் சரி, ஆனாலும் காப்பர் நிக்கல் எறங்கல

ஏதோ ஒண்ணு மெட்டலைக் கட்டிப் பிடிச்சிருக்கு. அம்மோனியா, சயனைடு, ஈடிடிஏ மாதிரி சாமான் இருந்தா மெட்டல் அது கூட சேர்ந்து கரைசல்லயே நிக்கும், லைம் எவ்வளவு போட்டாலும் அசையாது. பிஎச் 9-ல தெளிஞ்ச தண்ணி லேசா நீலமா தெரிஞ்சா காப்பரும் அம்மோனியாவும் சேர்ந்திருக்குன்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லிடலாம். அம்மோனியா லீச்சிங் (மெட்டலைக் கரைச்சு எடுக்குறது) பண்ற நிக்கல் கோபால்ட் ரிஃபைனரி, அம்மோனியா வச்சு டெயில் கேஸை (கடைசியா வெளிய போற கேஸ்) கழுவுற இடம், அலுமினியம் செல்லோட பழைய லைனிங் நனைஞ்சு வர்ற சயனைடு தண்ணி, இதெல்லாம் எந்த டிரெயின்ல சேருதுன்னு பைப்பைப் பிடிச்சுட்டே பின்னாடி நடந்து பாருங்க. அந்தத் தண்ணிய மத்ததோட கலக்காம தனியா பிரிச்சு சரி பண்றதுதான் சரியான வழி. கலந்த பிறகு சுத்தம் பண்ணணும்னா பல மடங்கு தண்ணிய சுத்தம் பண்ண வேண்டியிருக்கும்.

பிரிக்கிற வரைக்கும் சல்ஃபைடு, இல்லன்னா டைதயோகார்பமேட் மாதிரி ஆர்கானோசல்ஃபைடு போட்டு காப்பரை இழுக்கலாம், காப்பர் சல்ஃபைடு அவ்வளவு கரையாத பொருள்ங்கறதால அம்மோனியாவையும் மீறிப் படியும். ஆனா சோடியம் சல்ஃபைடு, சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு எது பயன்படுத்தினாலும் ஆசிட் லைன் அது கூட சந்திக்கவே கூடாது. பிஎச் 7 பக்கம் வந்தாலே பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறி கேஸா கிளம்பத் தயாரா இருக்கும். 100 பிபிஎம் அளவுல சில நிமிஷத்துலயே மூக்குக்கு வாசனை தெரியாம போயிடும், வாசனை நின்னுடுச்சுன்னு நினைச்சு உள்ள போறவங்கதான் விழுறாங்க. கேஸ் டிடெக்டர், மூடின டேங்க், ஸ்கிரப்பர், பிஎச் இறங்கினா பம்ப்பை நிறுத்துற இன்டர்லாக் இதெல்லாம் இல்லாத பிளான்ட்ல சல்ஃபைடு டோசிங் ஆரம்பிக்காதீங்க, லிமிட் தாண்டினாலும் பரவால்ல, ஆரம்பிக்காதீங்க.

ஆர்சனிக் மட்டும் அடங்க மாட்டேங்குது

வீக் ஆசிட்ல வர்ற ஆர்சனிக்ல பெரும்பகுதி மூணு வேலன்சி ஆர்சனிக்கா இருக்கும். அதுக்கு பிஎச் 9 வரைக்கும் மின்சுமையே கிடையாது, அதனால இரும்பு ஹைட்ராக்சைடு மேல சரியா ஒட்டாது, லைமுக்கும் சரியா மசியாது. முதல்ல அதை அஞ்சு வேலன்சிக்கு மாத்தணும். காத்து மட்டும் அடிச்சா நடக்காது, ரொம்ப மெதுவு. ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்மாங்கனேட், ஹைப்போகுளோரைட் இதுல ஒண்ணு வேணும். மாத்தினதுக்கு அப்புறம் ஃபெர்ரிக் போட்டு பிஎச் 5-7 பக்கம் படிய வைங்க, ஒரு கிராம் ஆர்சனிக்குக்கு சுமார் 3 கிராம் இரும்பாவது கணக்குல இருக்கணும், லிமிட் இறுக்கமா இருந்தா அதுக்கு மேலயும் வேணும்.

வெறும் லைம்ல கால்சியம் ஆர்சனேட்டா படிய வச்சு ஸ்லட்ஜ அடுக்கி வைக்கிறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வழி. இன்னைக்கு ரிப்போர்ட் நல்லா வரும், ஆனா அந்த ஸ்லட்ஜ் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடால மெல்ல கார்பனேட்டா மாறி ஆர்சனிக்கைத் திரும்ப விட்டுடும். அடர்த்தியா வர்ற ஆர்சனிக்குக்கு ஆசிட்லயே சல்ஃபைடா பிடிக்கிறது (இது அதுக்குன்னே கட்டின மூடின ரியாக்டர்ல, கேஸுக்கு மேல சொன்ன பாதுகாப்போட மட்டும்), இல்லன்னா ஸ்கோரோடைட் மாதிரி நிலையான இரும்பு ஆர்சனேட்டா மாத்துறது எவ்வளவோ மேல். ஆர்சனிக் சல்ஃபைடை மட்டும் லைம் ஸ்டேஜுக்குள்ள போக விடாதீங்க, காரத்துல அது திரும்பக் கரையும், அதுக்கு முன்னாடியே ஃபில்டர் பண்ணி எடுத்துடணும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்சனிக் இருக்கிற ஆசிட் தண்ணியில ஜிங்க் பொடி, அலுமினியத் துண்டு, இரும்புத் தூள் எதுவும் விழக் கூடாது. ஆர்சைன் கேஸ் வரும், ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிற கேஸ் அது. வீக் ஆசிட் டேங்க் சுத்தம் பண்ண இறங்குறவங்க கிட்ட இதைக் கட்டாயம் சொல்லிட்டுதான் இறக்கணும்.

செலினியம், தாலியம், மெர்குரி: எதைப் போட்டாலும் நம்பர் அசையல

செலினியம் செலனைட்டா இருந்தா ஃபெர்ரிக் பிடிக்கும், செலனேட்டா இருந்தா சல்ஃபேட் மாதிரி நழுவிட்டே போகும், அதுக்கு ஜீரோ வேலன்ட் இரும்போ (உலோக இரும்பு, ஆனா மேல சொன்ன மாதிரி ஆர்சனிக் இருக்கிற ஆசிட் தண்ணியில கூடாது) பாக்டீரியா வழியோ வச்சு ரிடியூஸ் பண்ணணும். ஆர்சனிக்குக்காக ஹைப்போகுளோரைட் கூடுதலா ஊத்த ஆரம்பிச்ச நாள்ல இருந்துதான் செலினியம் ஏறுதான்னு பழைய ரெக்கார்டைப் பாருங்க, அது செலனைட்டையும் செலனேட்டா மாத்திடும், ஒண்ணை சரி பண்ணப் போய் இன்னொண்ணைக் கெடுத்திருப்பீங்க.

தாலியம் ஒரு வேலன்சியில பொட்டாசியம் மாதிரி நடந்துக்கும், ஹைட்ராக்சைடா படியவே படியாது. காரத்துல பெர்மாங்கனேட் போட்டு ஆக்சிடைஸ் பண்ணா அதுல உண்டாகுற மாங்கனீஸ் டை ஆக்சைடும் சேர்ந்து பிடிச்சுக்கும். உங்க லிமிட் பட்டியல்ல தாலியம் இல்லன்னாலும் வருஷத்துக்கு சில தடவை பாருங்க, 2010-ல சீனாவுல பெய்ஜியாங் ஆத்துல ஒரு ஸ்மெல்டர் தண்ணியால தாலியம் ஏறி குடிநீர் எடுக்குறதுக்கே சிக்கலாச்சு.

மெர்குரிக்கு சல்ஃபைடு சரி, ஆனா கூடிப் போனா படிஞ்சதே திரும்பக் கரையும், படிஞ்சதும் ரொம்பப் பொடியா இருக்கும். கொஞ்சம் ஃபெர்ரிக் சேர்த்து நல்ல ஃபில்டர் வழியா விடணும்.

ஃப்ளோரைடு 15, 20 மி.கி/லி-லயே நிக்குது

லைம் மட்டும் வச்சு அதுக்குக் கீழ போறது கஷ்டம். கால்சியம் ஃப்ளோரைடு சுத்தமான தண்ணியிலயே லிட்டருக்கு சுமார் 8 மி.கி ஃப்ளோரைடு விடும், நிஜத் தண்ணியில இன்னும் கூட. பின்னாடி ஆலம் (படிகாரம்) போட்டு பிஎச் 6-7-ல ஒரு ஸ்டேஜ் வைங்க.

பைப், பம்ப், வால்வு எல்லாம் வெள்ளையா அடைக்குது

ஜிப்சம். சல்ஃப்யூரிக் ஆசிட்ல லைம் போட்டா வந்தே தீரும், லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் கரையும், மீதி எங்கயாவது உக்காரணும், உக்கார இடம் கொடுக்கலன்னா உங்க பைப்புல உக்காரும். செட்டில் ஆன ஸ்லட்ஜுல ஒரு பங்கைத் திரும்ப எடுத்துட்டு வந்து லைம் கூடக் கலந்து ரியாக்ஷன் டேங்க்ல விடுங்க, புது ஜிப்சம் அந்தப் பழைய துகள் மேலயே வளரும், பைப்புக்கு வர்றது நல்லா குறையும். இதுல இன்னொரு லாபம், சாதாரண லைம் ஸ்லட்ஜுல திடப்பொருள் சில சதவீதம்தான் இருக்கும், இந்த முறையில 20-30 சதவீதம் வரைக்கும் போகும், ஃபில்டர் பிரஸ்ஸுக்கும் அடுக்கி வைக்கிற இடத்துக்கும் பெரிய நிம்மதி.

கிளாரிஃபையர்ல நல்லா இருக்கு, கடைசி அவுட்லெட்ல ஏறுது

கிளாரிஃபையருக்கும் அவுட்லெட்டுக்கும் நடுவுல பிஎச்சை இறக்க ஆசிட் போடுறீங்களா? அதுக்கு முன்னாடி ஃபில்டர் இல்லன்னா தப்பிச்சு வந்த துகள் எல்லாம் அங்க போய்க் கரையுது. முதல்ல ஃபில்டர், அப்புறம் ஆசிட். மழை நாள்ல மட்டும் ஏறுச்சுன்னா யார்டுல கொட்டி வச்சிருக்கிற கான்சென்ட்ரேட்டும் (செறிவாக்கின தாது) ஃப்ளூ டஸ்ட்டும் (ஃபர்னஸ் புகையில பிடிச்ச தூசி) கழுவிட்டு வருது, முதல்ல வர்ற மழைத்தண்ணிய ஒரு குளத்துல பிடிச்சு ஈடிபிக்குக் கொண்டு போகணும். அமெரிக்க விதியில பிரைமரி காப்பர் ஸ்மெல்டருக்கு பிராசஸ் தண்ணிய வெளிய விடவே கூடாதுன்னு இருக்கு, 25 வருஷத்துல ஒரு தடவை வர்ற 24 மணி நேர மழை அளவைத் தாங்குற குளத்துக்கு மட்டும்தான் விலக்கு. மழையை எவ்வளவு சீரியஸா எடுத்துக்கணும்னு அதுலயே தெரியும்.

தண்ணிய மிச்சம் பிடிச்சோம், இப்ப லிமிட் தாண்டுது

இங்க பிரச்சனை பிளான்ட்ல இல்லாம கணக்குல இருக்கலாம். மி.கி/லி லிமிட் இருந்தா தண்ணி குறையக் குறைய அதே மெட்டல் அடர்த்தியாகி நம்பர் ஏறும், ஆத்துக்குப் போற மொத்த எடை ஏறியிருக்காது. அமெரிக்காவுல இந்தத் துறைக்கான கழிவுநீர் விதியோட பகுதி 421-ல லிமிட்டே தயாரிப்பு எடைக்கு இவ்வளவுன்னு வச்சிருக்காங்க, ஒரு கிலோ உலோகத்துக்கு இத்தனை மி.கி, ஆசிட் பிளான்ட்டுக்கு 100 சதவீத ஆசிட் கணக்குல ஒரு கிலோவுக்கு இத்தனை. அதனால தண்ணி கலந்து நம்பரைக் குறைக்கிற வேலை அங்க பலிக்காது. சீனாவோட லெட் ஜிங்க் தரத்துல, 2010-ல வந்தது, ஆர்சனிக் 0.3, காட்மியம் 0.05, லெட் 0.5 மி.கி/லி, அதுவும் இந்த மாதிரி விஷ மெட்டலுக்கு சாம்பிள் எடுக்கிற இடம் மத்த தண்ணி கலக்குறதுக்கு முன்னாடி, அந்தப் பட்டறை வாசல்லயே. ஐரோப்பாவுல 2016-ல இந்தத் துறைக்கு வந்த சிறந்த தொழில்நுட்ப (பிஏடி) முடிவுகள்ல காப்பருக்கும் லெட் ஜிங்க்குக்கும் ஆர்சனிக் 0.1. உங்க அனுமதியில எந்த வகை லிமிட், எந்த இடத்துல சாம்பிள், ஒரு தடவை பிடிக்கிறதா 24 மணி நேரம் சேக்குறதா, மொத்த மெட்டலா இல்ல கரைஞ்சது மட்டுமான்னு எழுத்துல பாருங்க. தண்ணிய மிச்சம் பிடிக்கிறதா இருந்தா அதிகாரிங்க கிட்ட முன்னாடியே போய் எடைக் கணக்கு லிமிட் கேளுங்க, தாண்டினதுக்கு அப்புறம் போய்க் கேட்டா சாக்கு மாதிரிதான் தெரியும். கூலிங் தண்ணியைத் திறந்து விட்டு நம்பரைக் குறைக்கிறது பல நாட்டு சட்டத்துல நேரடியா தடை, தடை இல்லாத இடத்துலயும் காட்மியம் முழுசா ஆத்துக்குத்தான் போகுது, அடியில படிஞ்சு நெல்லுல ஏறுது. ஜப்பான்ல ஜின்சூ ஆத்தோரம் ஜனங்களோட எலும்பு நொறுங்குன இடாய்-இடாய் நோய் வந்தது இந்த வழியிலதான், 1968-ல அந்த நாட்டு அரசாங்கமே காரணம் காட்மியம்னு அறிவிச்சுது.

நம்ம லேப் ஒரு நம்பர், வெளி லேப் வேற நம்பர்

ஒரே பக்கெட்ல பிடிச்சதை ரெண்டா பிரிச்சு அனுப்பினதா, யார் ஆசிட் போட்டா, எப்ப போட்டாங்க, வெளி லேப் முழுசா டைஜஸ்ட் (ஆசிட்ல காய்ச்சி துகளையும் கரைக்கிறது) பண்ணுதா இல்ல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுக்குதா, இதெல்லாம் கேட்டாலே பெரும்பாலும் விடை கிடைச்சுடும். பிஎச்சை மட்டும் லேப்புக்கு அனுப்பாதீங்க, எடுத்த இடத்துலயே 15 நிமிஷத்துக்குள்ள பாருங்க.

தாண்டிருச்சுன்னு உறுதியாயிடுச்சு, இப்ப என்ன

அவுட்லெட்டை மூடி தண்ணிய ஈக்வலைசேஷனுக்கோ எமர்ஜென்சி குளத்துக்கோ திருப்புங்க, இடம் பத்தலன்னா ஸ்கிரப்பர் பிளீடை (அதுல இருந்து வெளிய எடுக்குற தண்ணி) குறைக்க ஃபர்னஸ் லோடை இறக்கச் சொல்லிக் கேளுங்க, புரொடக்ஷன் ஆளுங்க கோவப்படுவாங்க, கேட்டே ஆகணும். கண்காணிக்கிற அலுவலகத்துக்கு அனுமதியில சொன்ன நேரத்துக்குள்ள தகவல் கொடுங்க, கீழ ஆத்துல குடிநீர் எடுக்குற இடம் இருந்தா அவங்களுக்கும் அதே நேரத்துல. அந்த ஷிஃப்ட்டோட பிஎச் சார்ட், டோசிங் லாக், ரெண்டு பாட்டில் ரிசல்ட், எந்தத் தண்ணி எப்ப உள்ள வந்துச்சுங்கற குறிப்பு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. திரும்ப அவுட்லெட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி ஃபில்டர் பண்ணது, பண்ணாதது ரெண்டு ரிசல்ட்டும் லிமிட்டுக்குக் கீழ வந்திருக்கான்னு பாத்துட்டு திறங்க.